இரண்டாவது துளை

அந்த மவுத் ஓர்கனை எனக்குத் தந்தவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. அவர் ஹட்டன் டவுனில் கிட்டார் வாசிப்பவர். வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் மேசை துடைக்கப் போய், அங்கே தினமும் கேட்ட புளூஸ் இசையில் பைத்தியம் பிடித்துத் திரும்பி வந்திருந்தார். ஒரு பெட்டி நிறைய கசெட்டும், பத்துத் துளை உள்ள இந்தச் சின்னச் சாமானும் கொண்டுவந்தார். நம் கடைகளில் கிடைப்பது இரட்டை வரிசைத் துளையோடு நீளமாக இருக்கும். சினிமாப் பாட்டுக்கு அது போதும். நான் அதை ரயிலிலும் திருவிழாவிலும் வாசிப்பேன். அவர் அப்படித்தான் என்னைப் பிடித்தார்.

"ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல கேட்டிருக்காங்க. கிட்டாருக்கு நான் இருக்கேன், ஓர்கன் பெட்டிக்கு பள்ளிக்கூடத்து சேர் ஒருத்தரு இருக்காரு. இதுக்குத்தான் ஆள் இல்ல. அதுக்குள்ள பழகிட்டேன்னா ஒனக்கு எடம். பழகலேன்னா சாமானத் திருப்பிக் குடுத்துரு."

"கஷ்டமாண்ணே?"

"தோட்டத்துல அடிமையாக் கெடந்தவங்க பாட்டுடா இது. நமக்கெல்லாம் ரத்தத்துலயே வரும்."

ரத்தத்தில் ஒன்றும் வரவில்லை. எச்சில்தான் வந்தது.

அப்போது நான் றொசல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடியில் வேலை செய்தேன். லொறியில் வந்த பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேன்களால் காற்றடித்து வாட்டுவோம். பரப்புவது, கிளறுவது, அள்ளிக் கீழே தள்ளுவது. அடுத்த லொறி வரும். மறுபடி பரப்புவது. அப்பா அந்த மாடியில்தான் முதுகு வளைந்தார். எனக்கும் அது வளையத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து இறங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையில் இருந்தது இந்தப் பத்துத் துளைதான்.

சினிமாப் பாட்டை ஊதி வாசிக்கலாம். புளூஸ் அப்படியில்லை. அதில் உயிரான சுரங்களெல்லாம் காற்றை உள்ளே இழுக்கும்போதுதான் வருகின்றன. இழுத்துக்கொண்டே வாய்க்குள் நாக்கைப் பின்னால் வாங்கி, தொண்டையை இறக்கினால் சுரம் கீழே வழுக்கும். அதை வளைப்பது என்கிறார்கள். கசெட்டில் கேட்டால் சுகமாக இருக்கும். பழகும்போது வரும் சத்தம் கேட்கச் சகிக்காது. நான் எதையும் மூர்க்கமாகச் செய்பவன். மூர்க்கமாக இழுத்தேன். துளைக்குள் அதிர்ந்து சத்தம் தருகிற பித்தளை நாக்கு அடைத்துக்கொண்டு மூச்சு முட்டியதுதான் மிச்சம். இன்னும் பலமாக இழுத்தேன். தலை சுற்றியது.

இதை எங்கே வைத்துப் பழகுவது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக உள்ள காம்பராக்களுக்கு நடுவே, சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தக் கோடியில் ஒருவன் இருமினால் அந்தக் கோடியில் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். முதல் நாள் பத்து நிமிஷம் இழுத்தேன். பக்கத்துக் காம்பரா அக்கா சுவருக்கு மேலால் சத்தம் போட்டாள்.

"டேய், அந்த மாடு இன்னிக்கே கன்னு போட்டுருமா, நாளைக்கும் இருக்கா?"

லயம் முழுக்கச் சிரித்தது. நான் மவுத் ஓர்கனைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அடித்தால் தாங்கிக்கொள்வேன். சிரித்தால் எனக்குப் பொறுக்காது.

அதனால் அதை ஃபெக்டரிக்குக் கொண்டுபோனேன். மாடியில் ஃபேன்கள் ஓடினால் பக்கத்தில் நிற்பவனோடுகூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஃபேன் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. கொழுந்து பரப்பி முடித்து, கிளறும் வரைக்கும் உள்ள நேரத்தில் அங்கே போய் நின்று இழுப்பேன். எவ்வளவு அசிங்கமான சத்தம் போட்டாலும் ஃபேன் விழுங்கிவிடும். அதே அக்கா மாடியிலும் என்னோடுதான் வேலை. அவளுக்கு மட்டும் தெரியும். காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் பிடிபட்டால் வேலை போகும். ஃபெக்டரிக்குள் வாயில் வைக்கிற சாமான் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று சுவரில் எழுதியே போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் இரண்டாவது துளை திடீரென்று வளைந்தது. எனக்கே திகைப்பு. மறுபடி இழுத்தேன், மறுபடி வளைந்தது. அந்தச் சந்தோஷத்தில் படிக்கட்டைப் பார்க்க மறந்துவிட்டேன். ஃபெக்டரிப் பொறுப்பில் இருந்த டீமேக்கர் ஐயா மேலே வந்து நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா கொழுந்தை அள்ளி என் பக்கம் வீசினாள். மவுத் ஓர்கனை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தேன்.

"என்னம்மா சத்தம் அது?" என்றார்.

அக்கா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "ஃபேன்தாங்கய்யா. ரெண்டு மூணு நாளாவே இப்பிடித்தான் கத்துதுங்க."

"பெயாரிங் போயிருச்சு போல," என்றார் டீமேக்கர். ஃபேனை நிறுத்தச் சொல்லி, ஃபிட்டரைக் கூப்பிட்டு, மூடியைக் கழற்றி, கிறீஸ் போடவைத்தார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொடுத்து விளக்குப் பிடித்தேன். மவுத் ஓர்கன் இடுப்பில் குத்தியது. குனிந்தால் விழும், நிமிர்ந்தால் தெரியும். ஃபேன் மறுபடி ஓடியதும் அவர் காது கொடுத்துக் கேட்டு, "இப்ப சரி," என்று இறங்கிப் போனார்.

"பெயாரிங்குடா நீ," என்றாள் அக்கா. அதற்குப் பிறகு மாடியில் எனக்கு அதுதான் பெயர்.

வளைக்கத் தெரிந்த பிறகு இன்னொரு தொல்லை வந்தது. பெரிய ஃபேனின் ரீங்காரம் எப்போதும் ஒரே சுரத்தில் நிற்கும், தம்புரா மாதிரி. இரண்டாவது துளையை இழுத்தால் வரும் சுரம் அதற்கு மிகக் கிட்டத்தில் வந்தது. ஆனால் சேரவில்லை. இரண்டும் மோதி வவ் வவ் என்று ஒரு நடுக்கம். தினமும் அந்த நடுக்கம். பல்லில் மணல் கடிபடுவது போல. ஃபேன் எவ்வளவு பெரிய சாமான், அதுவா பிழையாக இருக்கும்? வளைகுடாவிலிருந்து அடிபட்டு வந்த இந்தப் பொட்டுச் சாமான்தான் பிழை என்று முடிவுகட்டினேன். ஒரு வினாடிகூட வேறு மாதிரி யோசிக்கவில்லை.

மூடியைக் கழற்றினால், இழுக்கும்போது பேசுகிற நாக்குகள் கீழ்த் தட்டில் வெளியே தெரியும்படி இருக்கின்றன. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். இதைத் தொட்டுத் தொட்டு நானே கண்டுபிடித்தேன். நாக்குக்கு அடியில் கடதாசித் துண்டைச் செருகி, உடைந்த பிளேடால் நுனியைச் சுரண்டினேன். இழுத்துப் பார்த்தேன். நடுக்கம் கொஞ்சம் மெதுவானது. இன்னும் சுரண்டினேன். கடைசியில் நடுக்கம் நின்றது. ஃபேனும் நானும் ஒரே சத்தமாக நின்றோம். மயிர் கூச்செறிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதை ஏற்றியதும் பக்கத்தில் உள்ளவை ஒட்டவில்லை. அவற்றையும் ஏற்றினேன். அந்த மாடியில் நான் வாசித்தால் கசெட்டில் கேட்ட மாதிரியே இருந்தது. வாயில் கொழுந்து வாசத்தோடு நான் பெரிய ஆளாக நின்றேன்.

கிட்டார்க்காரர் ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு வரச் சொல்லி அனுப்பியிருந்தார். ஓர்கன் சேரும் வருவார், மூவரும் சேர்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு ஹோட்டலுக்கு ஆள் சொல்லலாம் என்று.

அந்த வாரம்தான் கரண்ட் வெட்டத் தொடங்கினார்கள். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும், மழை இல்லை, நாடு முழுக்கத் தினமும் மணிக்கணக்கில் வெட்டு. சனிக்கிழமை மாடியில் நிற்கும்போது கரண்ட் போய், ஃபெக்டரி ஜெனரேட்டர் ஓடியது. நான் வழக்கம் போல இரண்டாவது துளையை இழுத்தேன்.

நடுக்கம்.

மறுபடி இழுத்தேன். கீழே கொழுந்து உருட்டும் ரோலர்கள் ஓடத் தொடங்கியதும் ஃபேன் சத்தம் இன்னும் தாழ்ந்தது. நடுக்கம் வேகமானது. ரோலரை நிறுத்தினார்கள், ஃபேன் சத்தம் ஏறியது. தம்புராவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வருகிற கரண்டுக்கு ஏற்ப ஆடுகிற மோட்டார் அது.  மவுத் ஓர்கனில் இரண்டாவதை இழுத்தால் வருவதும் மூன்றாவதை ஊதினால் வருவதும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். ஊதும் நாக்குகளை நான் தொடவில்லை. வெளியே போய், கொழுந்து லொறி நிற்கும் இடத்தில் நின்று, ஒன்றை இழுத்து ஒன்றை ஊதிப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அளவுக்கு வேறு.

விடிந்தால் ஹட்டன். கைவசம் ஒரு ராத்திரி, அதுவும் ஃபேன் சத்தத்துக்குள் வேலை. ஒன்றும் செய்ய முடியாது.

கிட்டார்க்காரரிடம் போனவுடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் வருத்தமில்லை. ஒரு தடவையாவது வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

அவருடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கேயும் கரண்ட் வெட்டு. கரண்டில் ஓடும் ஓர்கன் இருட்டாகக் கிடந்தது. அதற்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆள், டவுன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், ஞாயிறு காலையில் சேர்ச்சில் வாசிப்பவர். அயன் பண்ணின சட்டை. என்னை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார்.

"கரண்ட் வர இன்னும் நேரம் இருக்கு. நாம ரெண்டு பேரும் வாசிப்போம்," என்றார் கிட்டார்க்காரர். "ஒரு சுரம் குடுடா, கிட்டார சேத்துக்கிறேன்."

இரண்டாவது துளையை இழுத்தேன். அவர் கம்பிகளை முறுக்கி அதற்குச் சேர்த்துக்கொண்டார். சந்தேகப்படவில்லை. வாசித்தோம். நன்றாக வாசித்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. முதல் வளைவிலேயே கிட்டார்க்காரர் "அட்ரா!" என்றார். வாசித்துக்கொண்டே நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சில்லறைக் கடை. அங்கே ரேடியோ பேசினால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பாட்டு முடிந்தது. ரேடியோ பேசவில்லை. இரண்டாவது தொடங்கினோம்.

"சேர், நல்லாத்தானே இருக்கு? இவனையே சொல்லிருவோமா?"

"கரண்ட் வரட்டுமே," என்றார் சேர்.

பாதியில் ரேடியோ கத்தியது. ஓர்கனில் சிவப்புப் பொட்டு எரிந்தது. சேர் கையைப் பிரித்து, ஒரே ஒரு கட்டையில் விரலை வைத்தார்.

"வாசியும்."

இழுத்தேன். இரண்டு சத்தமும் நாய்கள் மாதிரிக் கடித்துக்கொண்டன.

"உது என்ன தம்பி?"

"உங்க பெட்டியத்தான் கேக்கணும்," என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"என்ர பெட்டி பொய் சொல்லாது." சட்டைப் பையிலிருந்து சுரத்துக்கு ஒரு துளையாக, வட்டமான சின்னக் குழல் ஒன்றை எடுத்தார். சேர்ச்சில் பாடுகிறவர்களுக்குச் சுருதி கொடுக்க வைத்திருப்பது. ஊதினார். குழலும் ஓர்கனும் ஒன்று. கிட்டார்க்காரர் ஒரு தரம் மீட்டிப் பார்த்தார். அவரும் என்னோடு சேர்ந்து சுருதிக்கு வெளியே நின்றார்.

"அடப்பாவி, என்னையும் சேத்துல்லடா கெடுத்துட்ட!"

எல்லாவற்றையும் சொன்னேன். மாடி, ஃபேன், பிளேடு.  சேர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஃபெக்டரி ஃபேனுக்கோ? ஃபேனுக்குச் சுருதி சேர்த்த ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

எனக்குக் கண் இருட்டியது. "சேர், உங்களுக்கு வாசிச்சுப் பழக சேர்ச் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, சாத்துறதுக்குக் கதவு உள்ள ரூம் இருக்கு. எனக்கு சத்தம் போட ஒலகத்துல ஒரே ஒரு எடந்தான் இருந்துச்சு. அங்க ஃபேன் ஓடுச்சு. நான் என்ன செய்ய?"

சிரிப்பு நின்றது. கிட்டார்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்கிறேன்டா. அதுக்கு மேல ஹோட்டல்காரங்களுக்குப் பதில் சொல்லணும். வயலின்காரர் ஒருத்தரு தெனமும் வந்து கேக்கிறாரு."

நான் எழுந்தபோது சேர் அந்தக் குழலை நீட்டினார்.

"திருப்பிக் கொண்டுவந்து தர்றேன்," என்றேன்.

"எச்சில் பண்ணினதை எனக்கு என்னத்துக்கு? வச்சிரும்."

கொடுத்தாரா, வீசினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. றொசல்ல வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். குழலை வெளியே எறிய இரண்டு தடவை கையை ஓங்கினேன்.

இப்போது எனக்கு வேண்டியது சத்தமில்லாத இடம். மாடியில் முடியாது. ஆற்றோரம் போனேன், தண்ணீர் இரைந்தது. தேயிலை மலைக்குள் போனேன், காற்று. எங்கே போனாலும் கடைசியில் லயம்தான். அது மட்டுமில்லை. குழலை ஊத வேண்டும், மவுத் ஓர்கனை இழுக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால்தான் நடுக்கம் தெரியும். ஒருவனுக்கு ஒரு வாய்தான். இன்னொருத்தர் வேண்டும்.

அக்காவிடம் போனேன். அவள் அப்போதுதான் வெற்றிலை போட்டிருந்தாள்.

"இத ஊதணுமா? ஊதினா எனக்கு என்னடா குடுப்ப?"

"சீசன் முடிஞ்சதும் நுவரெலியாவுல ஒரு சேல வாங்கித் தர்றேன்."

"நீ சீசனுக்குப் போனாத்தானே?" என்று கேட்டுக்கொண்டே குழலை வாங்கினாள்.

அவள் தன் காம்பரா வாசலில் உட்கார்ந்து ஊதினாள். நான் என் காம்பராவுக்குள் உட்கார்ந்து இழுத்தேன். நாக்கின் அடியில் ஒரு சுரண்டல், ஒரு இழுப்பு. வவ் வவ் வவ். அடியில் சுரண்டச் சுரண்ட நாக்கு மெலியும். நுனியில் ஏற்கெனவே நான் தின்றிருந்தேன். மெலிந்தால் உடையும். உடைந்தால் வயலின்காரருக்கு வேலை.  வேலையால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள்.

"என்ன, லொறி ஹோர்ன் மாட்டிக்கிச்சா?"

"கன்னு தல வெளிய வந்துருச்சுடா, இழு!"

சிரித்தார்கள். எழுந்துபோய் யாரையாவது அடிக்கலாம் போல இருந்தது. எழுந்தால் நாள் போய்விடும். உட்கார்ந்தே இருந்தேன். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அந்த ஃபேனுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். இப்போது ஒளிய இடமில்லை. சுரண்டினேன். இழுத்தேன்.

இரண்டு மூன்று நாளில் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. நடுக்கம் என்றால் என்ன என்று லயத்துக்கே பழகிவிட்டது. நான் இழுத்தால் எந்தக் காம்பராவிலிருந்தோ ஒரு குரல் வரும். "ஆடுது!" சுரண்டி மறுபடி இழுப்பேன். "இன்னும் ஆடுது!" அடுத்த கோடியிலிருந்து, "கொஞ்சமாத்தான் ஆடுது!" சோறு தின்றுகொண்டே சொல்வார்கள். சண்டை பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிட்டுச் சொல்வார்கள். மற்ற நாக்குகள் முடிந்தன. இரண்டாவது துளையைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை அதை எடுத்தேன். பிளேடை வைக்கும்போது மூச்சை விடவில்லை. "ஆடுது." ஒரு கீறல். "ஆடுது." ஒரு கீறல். "ஆடுதுடா." நாக்கு இப்போது வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. இன்னும் ஒரே ஒரு கீறல், அவ்வளவுதான் தாங்கும் என்று தெரிந்தது. கீறினேன். மூடியை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தேன். அக்கா ஊதிக்கொண்டே இருந்தாள். எந்தக் காம்பராவிலிருந்தும் சத்தம் வரவில்லை. நான் இன்னும் இழுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காதான் குழலை எடுத்துவிட்டு, "மூச்சு போகுதுடா எனக்கு, நிறுத்து," என்றாள்.

ஞாயிறு ஹட்டனில், குழலைக் கொண்டுபோய் ஓர்கன் மேல் வைத்தேன். அதன் வாய் முழுக்க வெற்றிலைச் சிவப்பு. சேர் பார்த்தார், தொடவில்லை. அதே கட்டையில் விரலை வைத்தார். நான் இழுத்தேன். விரலை எடுக்காமல் நெடுநேரம் வைத்திருந்தார். கிட்டார்க்காரர் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி," என்றார் சேர். அவ்வளவுதான்.

சம்பளமில்லா லீவு போட்டு நுவரெலியா போனேன். மாலையில் ஹோட்டல் புல்வெளியில் குளிருக்குச் சால்வை போர்த்திய கூட்டம். அவர்கள் எங்களைக் கேட்டார்களோ இல்லையோ, கேக் தின்றார்கள். நான் வாசித்தேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், பாட்டின் நடுவில் இரண்டாவது துளையை இழுத்தேன், வெறும் காற்று வந்தது. நாக்கு உடைந்துவிட்டது. அந்தச் சுரம்தான் பாட்டுக்கே வீடு. சுற்றிப் போய் ஒவ்வொரு வரியும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். அடுத்த வரி வந்துகொண்டிருந்தது.  வேறு வழியில்லாமல் அங்கே போய் இழுத்தேன்.

சுரம் வந்தது. என் வாயிலிருந்து இல்லை. சேர் என்னைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, தாழ்வாக அந்த ஒரு கட்டையை அமுக்கினார். அடுத்த வரிக்கும் அமுக்கினார். சீசன் முடியும் வரைக்கும் தினமும் அமுக்கினார். நான் நன்றி சொல்லவில்லை. 

சீசன் முடிந்ததும் கிட்டார்க்காரர் மறுபடி வளைகுடாவுக்குப் போய்விட்டார். நான் சேலையை வாங்கிக்கொண்டு மாடிக்கே திரும்பினேன். முதல் நாள் கொழுந்தைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தேன். பெரிய ஃபேன் ஓடியது. காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

"என்னடா பெயாரிங், மூஞ்சிய சுளிக்கிற?"

"அக்கா, இந்த ஃபேன் சுருதி கூடி நிக்குது."

"அப்ப எறங்கிப் போய் டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லு. அவரு மாத்துவாரு," என்றாள். "போறதுக்கு முந்தி இந்தத் தொட்டியக் கெளறிட்டுப் போ."